அமரத்தில் தேங்கும் நீர்: சிறிய அவுட்போர்டு படகுகளின் வடிகால் துளைகளும் ஸ்பிளாஷ் வெல்லும்

“அண்ணே, எஞ்சினுக்கு முன்னாடி இருக்குற தொட்டியில எப்பவும் தண்ணி நிக்குது. அந்த ரெண்டு துளையையும் அடைச்சிடலாமா?”

சிங்கப்பூரின் பொங்கோல், சாங்கி, செம்பவாங் பக்கங்களில் சிறிய படகு வைத்திருக்கும் நம் நண்பர்கள் பலர் என்னிடம் கேட்டிருக்கும் கேள்வி இது. அடைக்கக் கூடாது என்பதே என் பதில். ஆனால் காரணத்தைச் சொல்லாமல் விட்டால் அவர்கள் வீட்டுக்குப் போனதும் அடைத்துவிடுவார்கள் என்பதை அனுபவத்தில் கண்டிருக்கிறேன். துளை வழியாக உள்ளே வரும் நீர் கண்ணுக்குத் தெரிகிறது. அதே துளை வழியாக ஒரு நாள் வெளியேற வேண்டியிருக்கும் நீர் இன்னும் வந்து சேரவில்லை. ஆகவே, ஒவ்வோர் அறிகுறியாக எடுத்துக்கொண்டு, எதைப் பார்க்க வேண்டும், எதைச் சோதிக்க வேண்டும், எங்கே கை வைக்க வேண்டும் என்பதை இங்கு எழுதுகிறேன். ஐந்து முதல் ஆறு மீட்டர் வரையுள்ள, பின்புறத்தில் ஒற்றை அவுட்போர்டு எஞ்சின் பொருத்திய ஃபைபர்கிளாஸ் படகை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

எந்தத் துளை எந்த அறையை வடிக்கிறது

அவுட்போர்டு எஞ்சினின் காற்றாடி படகின் அடிப்பகுதிக்குக் கீழே, கலங்காத நீரில் சுழல வேண்டும். எஞ்சினின் கால் நீளத்துக்கு ஏற்றபடி பின்பலகை, அதாவது எஞ்சின் தொங்கும் பின்சுவர், 15, 20 அல்லது 25 அங்குல உயரத்தில் அமைக்கப்படுகிறது. படகின் பக்கச் சுவர்கள் இதைவிட உயரமாக இருப்பதால், எஞ்சின் தொங்கும் இடத்தில் மட்டும் பின்பலகை பள்ளமாக வெட்டப்பட்டிருக்கும். கடல் படகுக்குள் ஏறுவதற்கு மிக எளிதான வாசல் அதுதான். அந்த வாசல் வழியாக வரும் நீர் ஆட்கள் இருக்கும் தளத்துக்கு வராமல் தடுப்பதற்காக, பின்பலகைக்கு முன்னால் உயரமான உட்சுவர் ஒன்றை எழுப்பி, இரண்டுக்கும் இடையே ஒரு தொட்டியை அமைக்கிறார்கள். இதுவே ஸ்பிளாஷ் வெல். அதன் அடி மூலைகள் இரண்டிலும் பின்பலகையைத் துளைத்துக்கொண்டு வெளியே செல்லும் குழாய்கள் இருக்கும்.

இதைப் பழைய வீடுகளின் முற்றத்தோடு ஒப்பிட்டால் எளிதில் விளங்கும். முற்றம் வானத்துக்குத் திறந்தே இருக்கிறது. மழை விழத்தான் செய்யும். விழுந்த நீர் தூம்பு வழியே தெருவுக்குப் போய்விடும். தூம்பை அடைத்தால் மழை நிற்பதில்லை, கூடத்துக்குள் ஏறுகிறது. முற்றத்துக்கும் கூடத்துக்கும் இடையே உள்ள திண்ணையில் விரிசல் இருந்தாலும் அதே கதிதான். ஸ்பிளாஷ் வெல்லில் ஏற்படும் கோளாறுகள் அனைத்தும் இந்த இரண்டில் ஒன்றாகவே இருக்கும்.

இரண்டாவது வகைத் துளை ஸ்கப்பர். ஆட்கள் நிற்கும் தளத்தில் விழும் நீரைப் பின்பலகை வழியாகவோ பக்கச் சுவர் வழியாகவோ வெளியேற்றுவது இது. தளம் வெளிநீர் மட்டத்தைவிட உயரமாக இருக்கும் படகுகளில் மட்டுமே இது பயன்படும். மூன்றாவது, தளத்துக்குக் கீழே உள்ள பில்ஜ் என்னும் அடிக்குழியின் வடிகால். பின்பலகையின் அடிமட்டத்தில், படகு நீரில் இருக்கும்போது எப்போதும் மூழ்கியே இருக்கும் துளை இது. இதற்கு மட்டும்தான் பிளக் உண்டு. கரையில் இருக்கும்போது இது திறந்திருக்க வேண்டும், நீரில் இருக்கும்போது மூடியிருக்க வேண்டும். மற்ற இரண்டு வகைகளையும் நிரந்தரமாக மூடுவதற்கு எந்தக் காரணமும் இல்லை.

உங்கள் படகின் பின்பலகையில் எத்தனை துளைகள் இருக்கின்றனவோ அத்தனையையும் வெளியிலிருந்து எண்ணிப் பாருங்கள். பிறகு படகை டிரெய்லரில் அணியம், அதாவது முன்பகுதி, சற்று உயர்ந்திருக்கும்படி நிறுத்தி, ஒரு வாளி நீரில் ஒரு சிட்டிகை கேசரிப் பவுடரைக் கலந்து முதலில் தொட்டியிலும், அது முழுதும் வடிந்த பின் தளத்திலும், இறுதியாக அடிக்குழியிலும் ஊற்றுங்கள். எந்த இடத்தில் ஊற்றிய நீர் எந்தத் துளை வழியாக வருகிறது என்பதை ஒரு தாளில் படம் வரைந்து குறித்துக்கொள்ளுங்கள். தொட்டியில் ஊற்றிய சிவப்பு நீர் அடிவடிகாலில் எட்டிப் பார்த்தால், உங்கள் கோளாற்றைப் பாதி கண்டுபிடித்துவிட்டீர்கள்.

எஞ்சினைப் பின்பலகைக்கு வெளியே தனித் தாங்கியில் பொருத்திய படகுகளுக்கு இந்தத் தொட்டி தேவைப்படுவதில்லை. அவற்றின் உரிமையாளர்கள் ஸ்கப்பர், அடிவடிகால் பற்றிய பகுதிகளை மட்டும் பார்த்தால் போதும்.

அறிகுறி: படகு அசையாமல் நிற்கும்போது தொட்டியில் நீர் நிற்கிறது, ஓடத் தொடங்கியதும் வடிந்துவிடுகிறது

வடிகால் துளையின் வாய் வெளிநீர் மட்டத்துக்குக் கீழே இறங்கிவிட்டது என்பதே இதன் பொருள். தொட்டியில் நிற்கும் நீரின் மட்டமும் வெளியே கடலின் மட்டமும் ஒன்றாகவே இருக்கும். அதற்கு மேல் ஏறாது. தொட்டி கசியாமல் இருக்கும்வரை இது அழுக்குச் சேர்க்கும் தொல்லையே தவிர ஆபத்து அன்று.

காரணம் பெரும்பாலும் அமரத்தில், அதாவது படகின் பின்பகுதியில், கூடிவிட்ட எடை. படகு வடிவமைக்கப்பட்ட காலத்தில் இருந்த இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினை எடுத்துவிட்டு, அதே குதிரைத்திறன் கொண்ட நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினை மாட்டும்போது எடை பொதுவாகக் கூடிவிடுகிறது. அதோடு பேட்டரி, எரிபொருள் கலன், ஐஸ் பெட்டி ஆகிய மூன்றையும் நாம் பழக்கத்தால் பின்னாலேயே வைக்கிறோம். 25 லிட்டர் பெட்ரோல் மட்டுமே ஏறத்தாழ 18 கிலோ. மீன் பிடிக்கும்போது இருவர் பின்னால் வந்து நின்றால் மேலும் 140 கிலோ சேர்கிறது.

சோதனை எளிது. அமைதியான நீரில் படகைக் கட்டிவிட்டு, தொட்டியில் நீர் எந்த உயரத்தில் நிற்கிறது என்று பென்சிலால் குறியுங்கள். ஓர் ஆளை அணியத்துக்கு அனுப்புங்கள். நீர் கண்முன்னே இறங்கினால், தீர்வு எடையை இடம் மாற்றுவதில்தான் இருக்கிறது. பேட்டரியை நடுப்பகுதிக்குக் கொண்டுவருவது ஒரு பிற்பகல் வேலை. கம்பி நீளும் என்பதால் தடித்த கம்பியாக மாற்ற வேண்டும் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். எடையை மாற்றியும் துளை மூழ்கியே இருந்தால், வெளிப்புற வாயில் ரப்பர் மடல் ஒன்றைப் பொருத்தலாம். உள்ளிருந்து வரும் நீருக்குத் திறந்து, வெளியிலிருந்து தள்ளும் நீருக்கு மூடிக்கொள்ளும் இந்த மடல் முழுமையாக நீரைத் தடுக்காது, ஆனால் அலையடிப்பைக் குறைக்கும். மடலின் இடுக்கில் சிப்பி ஒட்டாமல் அடிக்கடி துடைக்க வேண்டும். நம்முடைய வெதுவெதுப்பான கடலில் சில வாரங்களே போதும், மடல் அசையாமல் இறுகிவிடும்.

அறிகுறி: தொட்டியில் நீர் நிற்கிறது; அடிக்குழியிலும் நீர் ஏறிக்கொண்டே இருக்கிறது

இதுதான் உண்மையான கோளாறு. இதன் மேல்தான் அதிக நேரம் செலவிட வேண்டும்.

தொட்டியின் சுவர் முழுமையானதன்று. எஞ்சினுக்குச் செல்லும் கியர், த்ராட்டில் கேபிள்களும், ஸ்டீயரிங் கேபிளும், பெட்ரோல் குழாயும், பேட்டரிக் கம்பியும் அந்தச் சுவரைத் துளைத்துக்கொண்டுதான் செல்கின்றன. அந்தத் துளையை மூடியிருப்பது மடிப்பு மடிப்பான ஒரு ரப்பர் உறை. பூமத்திய ரேகைக்கு ஒரு பாகைக்குச் சற்று அதிகமாக வடக்கே இருக்கும் நம் ஊரில் வெயிலும் புற ஊதாக் கதிர்களும் ஆண்டு முழுவதும் அந்த ரப்பரின் மேல் விழுகின்றன. மேலிருந்து பார்த்தால் உறை நன்றாகவே தோன்றும். மடிப்புகளை விரலால் விரித்துப் பார்த்தால்தான் அடிப்பக்கத்தில் அரிசி நீளத்துக்கு விரிசல்கள் இருப்பது தெரியும். முதலில் இதைப் பாருங்கள்.

அடுத்தது எஞ்சினைப் பின்பலகையோடு பிணைக்கும் போல்ட்டுகள். கீழ் வரிசைப் போல்ட்டுகள் பல படகுகளில் தொட்டிக்குள், தேங்கும் நீரின் மட்டத்துக்கு அருகிலேயே இருக்கும். எஞ்சினின் அதிர்வு அவற்றைச் சுற்றியிருக்கும் சீலன்ட்டை, அதாவது கசிவைத் தடுக்கும் பசையை, ஆண்டுக்கணக்கில் தளர்த்துகிறது. மூன்றாவது, முன்பு வேறு எஞ்சினோ சோனார் கருவியோ பொருத்தப்பட்டிருந்தபோது போட்டு, பிறகு கைவிடப்பட்ட திருகுத் துளைகள். நான்காவது, வடிகால் குழாயே. சில படகுகளில் தொட்டியின் அடிக்கும் பின்பலகைக்கும் இடையே வெற்றிடம் இருக்கும்; அந்த இடைவெளியைக் கடக்கும் ரப்பர் குழாய் கிழிந்தாலும், அதன் கிளாம்ப் துருப்பிடித்து உடைந்தாலும், வெளியே போக வேண்டிய நீர் நேராக அடிக்குழிக்குப் போகும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எல்லாம் ஒழுங்காகவே தெரியும் என்பதால், இதைக் கடைசியில்தான் பலர் கண்டுபிடிக்கிறார்கள்.

இவற்றில் எது குற்றவாளி என்பதைக் கரையில் சோதியுங்கள். படகைச் சமமட்டமாக நிறுத்தி, அடிக்குழியைத் துணியால் முழுவதும் உலர்த்துங்கள். தொட்டியின் இரு வடிகால் துளைகளையும் வெளியிலிருந்து தற்காலிகமாக அடைத்து, கேபிள் உறைக்குக் கீழே ஒரு விரற்கடை இருக்கும்வரை நிறமிட்ட நீரை நிரப்பி, மட்டத்தைக் குறித்துவிட்டு அரை மணி நேரம் காத்திருங்கள். உள்ளே, போல்ட்டுகளின் நட்டுகளைச் சுற்றியும் குழாயின் கீழும் உலர்ந்த டிஷ்யூத் தாள்களை வைத்திருங்கள். எந்தத் தாள் நிறம் மாறுகிறதோ அங்கேதான் கசிவு. ஒன்றும் நிறம் மாறவில்லை என்றால், உறைக்கு மேல் வரை நிரப்பி மீண்டும் பாருங்கள். இப்படி இரண்டு கட்டமாகச் செய்தால், உறையின் கசிவும் மற்றவற்றின் கசிவும் ஒன்றோடொன்று குழம்பாது. சோதனை முடிந்ததும் அடைத்ததை எடுத்துவிட்டோமா என்று இருமுறை பாருங்கள்.

பழுது நீக்கும்போது குளியலறைக்கு வாங்கிய சிலிக்கானை எடுக்காதீர்கள். நீருக்கடியில் அது நீண்ட நாள் பிடித்து நிற்காது. பின்னர் வேறு எதையும் அந்த இடத்தில் ஒட்டவும் விடாது. பாலியூரிதேன் வகை மரைன் சீலன்ட் பொருத்தமானது. அதிலும் நிரந்தரப் பிடிப்புக் கொண்ட வகையை, என்றைக்காவது கழற்ற வேண்டியிருக்கும் உறையின் விளிம்புக்குப் பூச வேண்டாம். போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, துளையைத் துடைத்து உலர்த்தி, சீலன்ட் பூசித் திரும்ப முறுக்குங்கள். எஞ்சினைத் தாங்கும் சங்கிலியோ கயிறோ மேலிருந்து பிடித்திருக்கும்போதுதான் இந்த வேலையைத் தொடங்க வேண்டும்.

அறிகுறி: வேகத்தைக் குறைத்ததும் பின்னாலிருந்து நீர் தொட்டிக்குள் புரள்கிறது

படகு எழுப்பிய அலை படகின் பின்னாலேயே வருகிறது. த்ராட்டிலைத் திடீரென்று மூடினால் படகு நிற்கும், அலை நிற்பதில்லை. அது வந்து தாழ்ந்த பின்பலகையில் ஏறும். இது இயல்பானது; தொட்டி இருப்பதே இதற்காகத்தான். இங்கே பார்க்க வேண்டியது நீர் வருகிறதா என்பதை அன்று, எவ்வளவு நேரத்தில் போகிறது என்பதையே. ஓர் அங்குல விட்டமுள்ள இரண்டு துளைகள், 15 சென்டிமீட்டர் நீர் நிற்கும்போது, இரண்டும் சேர்ந்து நொடிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டரை வெளியேற்றும். நீர் குறையக் குறைய வேகமும் குறையும் என்பதால், 40 லிட்டர் நிறைந்த தொட்டி வடிவதற்கு ஒன்றரை நிமிடம் ஆகலாம். அதைவிட வெகுநேரம் எடுத்தால் துளையில் அடைப்பு இருக்கிறது.

அடைப்பவை எவை என்று தெரிந்தால் தேடுவது எளிது. தூண்டில் நரம்பின் துண்டுகள், இறால் தோல், கரையோர மரங்களிலிருந்து விழும் இலைகள் ஆகியவை உட்புற வாயில் சேரும். நீரிலேயே கட்டியிருக்கும் படகுகளில் வெளிப்புற வாயைச் சிப்பிகளும் பச்சை மட்டிகளும் அடைக்கும். ஜோகூர் நீரிணையில் இவை விரைவாகப் பெருகும். கரையில் அடுக்கில் வைக்கப்படும் படகுகளில் குளவி மண்கூடு கட்டிவிடும். இரண்டு வாரம் படகை எடுக்காமல் இருந்தாலே போதும், துளை உட்புறமாக அடைபட்டிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் நிழல் போலத்தான் தெரியும். பால் புட்டி கழுவும் பிரஷ்ஷைத் துளைக்குள் விட்டுத் தள்ளுங்கள். திருப்புளியால் குத்தாதீர்கள்; குழாயின் உட்சுவரைக் கீறினால் அடுத்த பகுதியில் சொல்லும் கேடு தொடங்கும்.

நானே இந்தப் பாடத்தைக் கடினமாகக் கற்றேன். சில ஆண்டுகளுக்கு முன் பழைய படகொன்றுக்குப் புதிய நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் மாட்டினேன். தொட்டியில் நீர் நிற்கத் தொடங்கியதைக் கண்ட பட்டறைக்காரர், இரண்டு துளைகளிலும் ரப்பர் பிளக்குகளைச் செருகிக் கொடுத்தார். தொட்டி உலர்ந்திருந்ததைப் பார்த்து நான் மகிழ்ந்தேன். புலாவ் உபினிலிருந்து சாங்கிக்குத் திரும்பும் வழியில், எங்களைக் கடந்து சென்ற பெரிய படகின் அலையைப் பார்த்து நான் சட்டென்று வேகத்தைக் குறைக்க, அந்த அலை தொட்டிக்குள் முழுவதுமாக ஏறியது. வெளியேற வழியில்லாத நீர் விளிம்புவரை நின்று, விரிசல் விட்டிருந்த கேபிள் உறை வழியாக அடிக்குழிக்கு இறங்கியது. அமரம் தாழ்ந்ததால் அடுத்த அலைக்கு ஏறுவது இன்னும் எளிதாயிற்று. அணியத்துக்குப் போகும்படி அக்காள் மகனை அனுப்பிவிட்டு, தொட்டிக்குள் கையை விட்டு இரண்டு பிளக்குகளையும் பிடுங்கினேன். நீர் இறங்குவதைப் பார்த்த பிறகே மூச்சு வந்தது. பட்டறைக்காரர் நல்ல எண்ணத்தோடுதான் செய்தார். கசியும் உறையை அவரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

லாசரஸ் தீவிலோ கூசு தீவிலோ கரையை ஒட்டி நிறுத்துபவர்களுக்கு ஒரு சொல். அணியத்தை மணலில் ஏற்றி, அமரத்தைக் கடலுக்குக் காட்டி நிறுத்தினால், சிங்கப்பூர் நீரிணையில் செல்லும் கப்பல்களும் ஃபெர்ரிகளும் எழுப்பும் அலைகள் ஒன்றன்பின் ஒன்றாக அந்தத் தாழ்ந்த வாசலில் வந்து உடையும். கப்பல் போய் வெகுநேரம் ஆன பிறகும் அவை வரும். சற்றுத் தள்ளி, அணியம் கடலை நோக்கியிருக்க நங்கூரமிட்டு, கரைக்கு நடந்து போவதே நல்லது.

அறிகுறி: குழாயின் விளிம்பில் பச்சை படிந்திருக்கிறது, அல்லது பழுப்பு நீர் ஒழுகுகிறது

வடிகால் குழாய்கள் பல படகுகளில் மெல்லிய பித்தளையால் ஆனவை. இருபுறமும் விளிம்பு விரித்து மடிக்கப்பட்டவை. பித்தளை செம்பும் துத்தநாகமும் கலந்தது. உப்புநீர் அதிலிருந்து துத்தநாகத்தை மெல்ல மெல்லக் கரைத்து எடுத்துவிடும். மிஞ்சுவது இளஞ்சிவப்பு நிறத்தில், பஞ்சு போல் நுண்துளைகள் நிறைந்த செம்பு. விரலால் அழுத்தினால் நொறுங்கும். பிளாஸ்டிக் குழாய்களில் இந்தக் கேடு இல்லை. ஆனால் வெயிலில் அவற்றின் தலைப்பகுதி வெளுத்து மொறுமொறுப்பாகி, ஒருநாள் தானாகவே உடைந்து விழும்.

பச்சைப் படிவு மட்டும் இருந்தால் அவசரமில்லை, கவனித்து வாருங்கள். பழுப்பு நீர் ஒழுகினால் அவசரம். பெரும்பாலான ஃபைபர்கிளாஸ் படகுகளின் பின்பலகைக்குள் இருப்பது பிளைவுட். குழாய் அரித்துப்போன இடத்தில் நீர் அந்த உள்மரத்துக்குள் புகுந்து மரத்தை மக்கச் செய்துவிட்டது என்பதையே அந்தப் பழுப்பு நிறம் காட்டுகிறது. திருப்புளியின் பிளாஸ்டிக் கைப்பிடியால் பின்பலகையை முழுவதும் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடத்தில் ‘டக்’ என்று கூர்மையான ஒலி வரும். மக்கிய இடத்தில் ஈரத்துணியைத் தட்டியது போல் மந்தமாக ஒலிக்கும். பிறகு எஞ்சினைச் சற்றுச் சாய்த்து, அதன் காலின் கீழ்ப்பகுதியைப் பிடித்து மேலும் கீழும் அழுத்துங்கள். உங்கள் நண்பர் ஒருவர் பின்பலகையின் மேல் விளிம்பைக் கவனிக்கட்டும். பலகை கண்ணுக்குத் தெரியும்படி அசைந்தால் அந்தப் படகை நீரில் இறக்காதீர்கள். அது துளைப் பழுது அன்று, பின்பலகையையே மாற்ற வேண்டிய பெரிய வேலை.

கேடு குழாயைச் சுற்றி மட்டும் இருந்தால் நீங்களே செய்யலாம். பழைய குழாயின் விரிந்த விளிம்பை அறுத்து வெளியே தள்ளுங்கள். துளையைப் பெரிதாக்கி, மக்கிய மரத்தைச் சுரண்டி எடுங்கள். அதன் பிறகு உலர விடுங்கள். இந்தக் கட்டத்தில்தான் நம் ஊரில் அவசரப்படக் கூடாது. ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும் இடத்தில், கூரையின் கீழ் மின்விசிறி வைத்து உலர்த்தினாலும் வாரக்கணக்கில் ஆகலாம். ஈரமரத்தின் மேல் எப்பாக்சி பிசினை ஊற்றினால் ஈரத்தை உள்ளே பூட்டிவைத்தது போலாகும். உலர்ந்தபின், கெட்டியாக்கிய எப்பாக்சியால் துளை முழுவதையும் நிரப்பி, அது இறுகிய பிறகு அதன் நடுவில் குழாயின் அளவுக்குப் புதிய துளை போடுங்கள். இப்போது குழாய் மரத்தைத் தொடாமல் எப்பாக்சி வளையத்துக்குள் செல்கிறது. நாளை குழாய் அரித்தாலும் நீர் மரத்தை எட்டாது. படகு புதிதாக இருக்கும்போதே எல்லோரும் இதைச் செய்துவிட்டால் எத்தனையோ பின்பலகைகள் பிழைத்திருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அறிகுறி: பம்ப் நிற்காமல் ஓடுகிறது, நீர் குறையவில்லை

முதலில் பம்ப்பின் நீர் எங்கே விழுகிறது என்று பாருங்கள். வெளியே துளை போட மனமில்லாமல், பில்ஜ் பம்ப்பின் குழாயைத் தொட்டிக்குள் விட்டிருக்கும் படகுகளைப் பார்த்திருக்கிறேன். தொட்டி கசிந்தால், பம்ப் வெளியேற்றிய நீரே அடிக்குழிக்குத் திரும்பி வந்து, பேட்டரி தீரும்வரை சுற்றிக்கொண்டே இருக்கும். வெளியேற்றும் வாயை நீர்மட்டக் கோட்டுக்கு மேலே, பக்கச் சுவரில் உயரமாக அமைத்து, அதற்கு முன் குழாயை இன்னும் மேலே வளைத்துக் கொண்டுவர வேண்டும். வாய் தாழ்ந்திருந்தால், பம்ப் நின்ற பின் அதே குழாய் வழியாகக் கடல் உள்ளே இழுக்கப்படலாம்.

பம்ப் சில நொடி ஓடி நின்று, சில நொடியில் மீண்டும் ஓடினால் அது வேறு: குழாயில் மிஞ்சிய நீர் திரும்ப இறங்கி மிதவை சுவிட்ச்சை உயர்த்துகிறது. குழாயைக் குறுகியதாக்கினால் சரியாகிவிடும்.

பம்ப்பை நம்பி அடிவடிகாலை அலட்சியம் செய்பவர்களுக்காக ஒரு கணக்கு. ஓர் அங்குலத் துளை நீர்மட்டத்துக்கு 20 சென்டிமீட்டர் கீழே திறந்திருந்தால், நிமிடத்துக்கு ஏறத்தாழ 35 லிட்டர், மணிக்கு 2,100 லிட்டர் உள்ளே வரும். சிறிய படகுகளில் வழக்கமாக இருக்கும் 500 கேலன் பம்ப்பின் அளவு, குழாயில் ஏற்றம் ஏதும் இல்லாதபோது மணிக்கு 1,900 லிட்டர் அளவே. ஏற்றம் இருந்தால் அதுவும் குறையும். பிளக்கை மறந்த படகைப் பம்ப் காப்பாற்றாது. அது உங்களுக்குச் சில நிமிடங்களைத் தருகிறது, அவ்வளவுதான்.

அடிக்குழி நீரின் மேல் எண்ணெய்ப் படலம் மின்னினால் பம்ப்பைப் போடாதீர்கள். எண்ணெயை மட்டும் உறிஞ்சும் விரிப்பால் எடுத்துக் கரைக்குக் கொண்டுவாருங்கள். எண்ணெய் கலந்த நீரைக் கடலில் விடுவது இங்கு சட்டப்படி குற்றம்.

அறிகுறி: தளத்தின் பின்மூலையில் பாதம் நனைகிறது

ஸ்கப்பர் வழியாகக் கடல் உள்ளே வருகிறது. மூவர் பின்னால் நின்றால் வந்து, ஒருவர் முன்னே போனதும் வடிந்தால் எடைதான் காரணம். எப்போதும் வந்தால் ரப்பர் மடல் வளைந்திருக்கும், அல்லது பந்து வைத்த ஸ்கப்பராக இருந்தால் பந்து அமரும் இடத்தில் மணலோ செதிலோ சிக்கியிருக்கும். கழற்றிக் கழுவுங்கள், மடல் வளைந்திருந்தால் மாற்றுங்கள். அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

அறிகுறி: ஓடிக்கொண்டிருக்கும்போது படகு பின்னால் கனக்கிறது, திருப்பினால் நீர் சலசலக்கிறது

அடிக்குழியில் ஏற்கெனவே நிறைய நீர் சேர்ந்துவிட்டது. இந்த நீர் ஒரே இடத்தில் நிற்பதில்லை. வேகம் எடுத்தால் அமரத்துக்கு ஓடும், திருப்பினால் ஒரு பக்கத்துக்கு ஓடும். போன பக்கத்தை மேலும் தாழ்த்தும். ஆகவே எல்லோரும் உயிர்காப்புச் சட்டையை அணிவதே முதல் வேலை. த்ராட்டிலைத் திடீரென்று மூடாதீர்கள். பின்னால் வரும் சொந்த அலை ஏறினால் நிலைமை கைமீறிவிடும். மெல்ல வேகத்தைக் குறைத்து, மெதுவாக முன்னோக்கி நகர்ந்துகொண்டே, பம்ப்பைப் போட்டு, ஆட்களையும் கனமான பொருள்களையும் நடுப்பகுதிக்கு முன்னே நகர்த்துங்கள். ஒருவர் அடிவடிகால் பிளக்கை உட்புறமாகத் தொட்டுப் பார்க்கட்டும். அது இல்லையென்றால் துணியைச் சுருட்டித் திணித்துவிட்டு அருகிலிருக்கும் கரைக்குச் செல்லுங்கள். நீர் கூடிக்கொண்டே போனால் விஎச்எஃப் வானொலியில் 16ஆம் அலைவரிசையில் உதவி கேளுங்கள். தயங்கிக் கடத்தும் ஒவ்வொரு நிமிடத்தின் விலையும் முன்சொன்ன கணக்கில் இருக்கிறது.

கரை சேர்ந்த பின், பிளக்கும் தொட்டியும் சரியாக இருந்தால், கசிவைத் தலைகீழாகத் தேடுங்கள். படகை டிரெய்லரில் வைத்து, பிளக்கை மூடி, அடிக்குழியில் சிறிதளவு நிறநீரை ஊற்றி, வெளியே எங்கே துளிர்க்கிறது என்று பாருங்கள். தளம்வரை நிரப்ப வேண்டாம். லிட்டருக்கு ஒரு கிலோ என்று கணக்கிட்டால், டிரெய்லரின் தாங்கிகள் மேல் எவ்வளவு சுமை ஏறுகிறது என்பது புரியும். பிளக்கின் மறையிலேயே துளிர்ப்பதும் உண்டு. ரப்பர் வளையம் தட்டையாகிவிட்டதா, வெண்கல மறையில் மணல் இருக்கிறதா என்று பாருங்கள்.

அறிகுறி: மழைக்குப் பின் படகு தாழ்ந்து கிடக்கிறது

சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சராசரியாக 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. வடகிழக்குப் பருவக்காற்றின் தொடக்க மாதங்களில் ஒரே நாளில் 100 மில்லிமீட்டர் பெய்வது புதிதன்று. ஐந்து மீட்டர் நீளமும் இரண்டு மீட்டர் அகலமும் கொண்ட திறந்த படகின் பரப்பு ஏறத்தாழ 10 சதுர மீட்டர். 50 மில்லிமீட்டர் மழை அதில் விழுந்தால் 500 லிட்டர், அதாவது அரை டன். அந்த எடை அமரத்துக்கு இறங்கி, தொட்டியின் துளைகளை மூழ்கடித்து, கசியும் உறை வழியாகக் கடலையும் உள்ளே அழைத்துக்கொள்ளும். சுமத்ராவிலிருந்து விடியற்காலையில் வீசும் சூறைமழை முடிந்து படகைப் பார்க்கப் போனவர்கள், கயிற்றின் நுனியில் எஞ்சின் தலை மட்டும் தெரியக் கண்ட கதைகளின் பின்னணி இதுதான்.

நீரில் கட்டியிருக்கும் படகுக்கு மேல்விரிப்பு வேண்டும்; விரிப்பு நடுவில் குழியாமல் கம்பு கொடுத்து நிறுத்த வேண்டும்; பம்ப்பின் மிதவை சுவிட்ச் பேட்டரியின் முதன்மைச் சுவிட்ச்சைத் தாண்டி நேரடியாக, தனி ஃபியூஸோடு இணைக்கப்பட்டிருக்க வேண்டும். கரையில் வைக்கும் படகுக்கு அணியத்தை உயர்த்தி, அடிவடிகால் பிளக்கைக் கழற்றிவிட வேண்டும். கழற்றிய பிளக்கை நான் எஞ்சின் சாவியின் வளையத்திலேயே மாட்டிவிடுகிறேன். பிளக்கைத் தொடாமல் சாவியை எடுக்க முடியாது. சாவியைத் துவாரத்தில் நுழைக்கும்போது பிளக் கையில் தொங்கினால், படகு இன்னும் சரிவுப்பாதையின் மேல்தான் இருக்கிறது. இறங்கிப் போய் மாட்டிவிட்டு வர நேரம் இருக்கிறது.